முதலாம் அதிகாரத்துப் பிள்ளை

இணுவில் பஞ்சலிங்கத்தார் புகையிலை வியாபாரத்தில் நாற்பது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வது அவர் சாதகத்திலேயே இல்லை. "இந்தச் சிப்பம் என்ன விலை அண்ணை?" என்று ஒருவன் கேட்டால், "நீர் எங்கை கொண்டுபோகப் போறீர்?" என்று திருப்பிக் கேட்பார். சொன்னால் என்ன வரும், சொல்லாவிட்டால் என்ன போகும் என்று விசாரித்து முடித்த பிறகுதான் வாய் திறக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் அன்று காலை ஆசுப்பத்திரியிலும் போய் நின்றார்.

மகள் கோபிகாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ஏழாம் மாதத்தில், வழியில், ஓட்டோவுக்குள்ளேயே பிறந்துவிட்ட பேரன் பச்சைத் துணிக்குள் மேசையில் கிடந்தான். தாதி நிரோஜினி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"பிறக்கேக்கை பிள்ளை அழுததோ ஐயா? மூச்சு ஏதும் விட்டதோ?"

"விட்டதெண்டால் என்ன செய்வியள்?"

அவள் பேனையை நிறுத்தினாள். "விட்டதெண்டால் அது உயிரோடை பிறந்து, ஆசுப்பத்திரிக்கு வரமுதல் செத்த பிள்ளை. மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்கவேணும். அவர் சொன்னால் பிள்ளையைப் பரிசோதனைக்கு அனுப்புவினம்."

"பரிசோதனை எண்டால், பிள்ளை?"

அவள் பச்சைத் துணியைப் பார்த்தாள். பஞ்சலிங்கத்தாரும் பார்த்தார். நல்ல தோட்டத்துப் புகையிலை ஒன்றின் நீளம்கூட அந்தத் துணிக்குள் இல்லை. அதில் கத்தி வைக்க எங்கே இடம் இருக்கிறது என்று யோசித்தார்.

"விடேல்லை," என்றார். "செத்துத்தான் பிறந்தது."

அவள் எழுதினாள். அவர் கையெழுத்து வைத்தார். மூன்று மூச்சைக் கொடுத்து முழு உடம்பை வாங்கியாயிற்று. நல்ல வியாபாரம் என்றுதான் அப்போது நினைத்தார்.

மூன்று மூச்சு என்பது சரியான கணக்கு. காலையில் ஒரு பை ராசவள்ளிக்கிழங்கோடு காங்கேசன்துறைக்கு மகளைப் பார்க்கப் போனவர் அவர். மருமகன் நிருஷன் கடலுக்குப் போயிருந்தான். சம்பந்தி கீரிமலைப் பக்கம் செபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். பெண்சாதி நாகேஸ்வரி இருந்திருந்தால் தெரிந்து நடந்திருப்பாள். அவள் கண்ணை மூடி நாலு வருடம். கோபிகா கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட, பக்கத்து வீட்டுக் கதிரவேலுவின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். ரயில் கடவையில் படலை விழுந்திருந்தது. கதிரவேலு குதித்து இறங்கிக் கடவைக்காரனைக் கும்பிட்டு மன்றாட ஓடினான். அவன் அங்கே போய்ச் சேர முன்னரே பிள்ளை பஞ்சலிங்கத்தாரின் சால்வைக்குள் வந்து விழுந்துவிட்டான்.

ரயில் வந்தது. கூவிக்கொண்டு, ஓட்டோவே ஆடும்படி தடதடத்துக்கொண்டு போனது. அந்த இரைச்சலுக்குள் பிள்ளையின் வாய் திறந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகும் ஒருமுறை. பிறகும் ஒருமுறை, மெல்லமாக. அதற்குப் பிறகு இல்லை. கடைசிப் பெட்டி போய்ப் படலை எழும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது. கோபிகா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். கதிரவேலு மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினான். கண்டது அவர் ஒருவர்தான். கண்டவர் சொல்லாவிட்டால் நடக்காத விசயம்தானே என்று தாதியின் மேசைக்கு முன்னால் முடிவெடுத்திருந்தார்.

மத்தியானம் நிருஷன் கடலிலிருந்து நேரே வந்தான். உப்புக் காய்ந்த சாரத்தோடு கட்டில் ஓரம் நின்று அழுதான். அழுது முடித்துவிட்டு, அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் சொல்வதற்காக மாமனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"மாமா, எங்கடை சவக்காலையிலை வைக்கலாம். ஆனால் வேலியோரம்தான். பேரும் இல்லை, சிலுவையும் இல்லை. மூச்சு விடாத பிள்ளையளுக்கு எங்கடை சபையிலை அப்பிடித்தான்."

"ஆர் சொன்னது?"

"அப்பாதான். ஆனால் அப்பா தன்ரை எண்ணத்துக்குச் சொல்லேல்லை. வேதத்திலை கிடக்கு. ஆதியாகமம் ரெண்டாம் அதிகாரம்."

அவன் தகப்பன்தான் சபையின் போதகர். அந்த மனிதரோடு இதைப் பேசவேண்டி வரும் என்று பஞ்சலிங்கத்தாருக்கு அப்போதே விளங்கியது. தப்பிக்கிற வழி ஒன்றை முதலில் மகளிடம் வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, எங்கடை தோட்டத்து மூலையிலை வைப்பமே. எங்கடையாக்களும் சின்னப் பிள்ளையளை எரிக்கிறேல்லைத்தானே. நான் வடிவா ஒரு கல்லு வைச்சுக் கட்டிவிடுறன்."

கோபிகா தலையணையில் கிடந்தபடியே தலையை ஆட்டினாள். "நான் செத்தால் என்னை எங்கை வைப்பினம் அப்பா? அங்கை. நான் அவையின்ரை சபைக்கு மாறிப்போட்டன். அவன் எனக்குப் பக்கத்திலை கிடக்கவேணும்." வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "அவனுக்குத் தேனுஜன் எண்டு பேர். வயித்துக்குள்ளையே கூப்பிட்ட பேர். பேரில்லாமல் போடவிடாதேங்கோ. நீங்கள் மாமாவோடை கதையுங்கோ. நீங்கள் கதைச்சால் நடக்கும்."

நாற்பது வருடப் பேரப் பேச்சில் இப்படி ஒரு நம்பிக்கையை யாரும் அவர்மேல் வைத்ததில்லை. தாழ்வாரத்துக்கு வந்து மருமகனிடம் கையை நீட்டினார்.

"அந்த வேதப் புத்தகத்தை எங்கையாவது எடுத்துத் தாரும் தம்பி. ரெண்டாம் அதிகாரம் எண்டால் முதலாம் அதிகாரம் எண்டொண்டு இருக்கவேணுமே."

பிரேத அறைக்கு முன்னால் ஒரு வாங்கு கிடந்தது. பொழுது சாயும்வரை அதில் உட்கார்ந்து வாசித்தார். சிப்பத்தைச் சோதிப்பது போலத்தான் வாசித்தார்: மேல் இலை நல்லதாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது, நடுவில் கையை விட்டு உருவவேண்டும், அடி இலையை முகர்ந்து பார்க்கவேண்டும். மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் முடிந்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தன்னை ஏமாற்றப் பார்த்ததைக் கண்டுபிடித்த வியாபாரி போல மூக்கால் ஒருமுறை சிரித்தார். பிரேத அறை வாசலில் இருந்து சிரித்ததற்காகக் காவலாளி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான்.

மறுநாள் காலை கோபிகா பிடிவாதம் பிடித்து, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளையையும் தந்தார்கள். காங்கேசன்துறை வீட்டில் அவளை உள்ளறையில் படுக்கவைத்து, வாசலில் சேலைத் திரையை இழுத்துவிட்டு, பஞ்சலிங்கத்தார் முன் விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் வந்து இருந்தார். எதிர்க் கதிரையில் சம்பந்தி. இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணம் பேசினதும் இதே இரண்டு கதிரையில்தான். நடுவில் இருந்த வெற்றிலைத் தட்டுக்குப் பதிலாக இன்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது.

சம்பந்தியின் பெயர் சிமியோன். ஒரு காலத்தில் ஆழ்வாப்பிள்ளை. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த கடலோடி. சண்டையில் ஊரை விட்டு ஓடி, இருபது வருடத்துக்கு மேல் முகாமில் கிடந்து, அங்கே ஞானஸ்நானம் எடுத்துப் பெயர் மாற்றி, ராணுவம் ஊரைத் திறந்துவிட்டதும் நாற்பது பேரோடு திரும்பிவந்து தகரக் கூரை போட்ட சபை ஒன்றை நடத்துகிறவர். வலை பார்க்கிற கண்ணால்தான் வசனத்தையும் பார்ப்பார். ஒரு கண்ணி அறுந்தாலும் மீன் முழுதும் போய்விடும் என்பது அவர் பயம். இரவு முழுக்க அழுதிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது.

"சம்மந்தி, நான் சுத்தி வளைக்க விரும்பேல்லை," என்று பஞ்சலிங்கத்தார் சுற்றி வளைக்கத் தொடங்கினார்.

"வளைக்காதேங்கோ. நானே சொல்லிவிடுறன். மண்ணை எடுத்து உருவம் செய்தார். அது அப்ப ஆளில்லை. மூக்கிலை ஊதினாப் பிறகுதான் ஆள். ஊதாத உருவம் வெறும் மண். மண்ணை மரியாதையா மண்ணிலை வைப்பம். பேரும் சிலுவையும் ஆளுக்கு."

"உங்கடை பேரன்."

"என்ரை பேரன் எண்டபடியால்தான் கவனமா இருக்கிறன்."

சிமியோன் பெட்டியைப் பார்த்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓட்டோவுக்குள்ளை நீங்கள்தானே இருந்தனீங்கள். வடிவா யோசிச்சுப் பாருங்கோ. ஒரு மூச்சு. ஒரேயொரு மூச்சு விட்டவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் மேலை ஒரு கேள்வி கேக்கமாட்டன். இந்தக் கையாலை பெட்டியிலை பேர் எழுதுவன்."

பஞ்சலிங்கத்தாரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ பொய்யை விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். உண்மையைப் பொய் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பழக்கம் விடவில்லை. சொன்னால் என்ன வரும் என்று மனம் தானாகவே விசாரிக்கத் தொடங்கியது. நாற்பது பேருக்கு இவர் சொல்லுவார். பின்னேரத்துக்குள் சந்தைக்குப் போகும். ஆசுப்பத்திரியில் கையெழுத்து வைத்த கடதாசி இருக்கிறது. பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. சேலைத் திரைக்குப் பின்னால் ஒருத்தி கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். மூன்று மூச்சு இருந்ததென்றால், அந்த மூன்றுக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்பாள்.

"விடேல்லைச் சம்மந்தி," என்றார்.

திரை இலேசாக அசைந்தது. காற்றாக இருக்கும்.

"அப்ப வேலியோரம்," என்று சிமியோன் எழும்பினார்.

எதிராளி கதிரையை விட்டு எழும்புகிற நேரம்தான் பேரம் தொடங்குகிற நேரம் என்பது பஞ்சலிங்கத்தாருக்குப் பால்குடியிலிருந்தே தெரியும். "இருங்கோ. ரெண்டாம் அதிகாரம் சொன்னியள். முதலாம் அதிகாரத்திலை மண் எங்கை?"

சிமியோன் நின்றபடி பார்த்தார்.

"நேத்து நான் மூண்டு தரம் வாசிச்சனான். அங்கை மண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, ஊதலும் இல்லை. ஆக்குவம் எண்டார், ஆக்கினார். ஆணும் பெண்ணும் ஒரே தரத்திலை, தன்ரை சாயலிலை. சாயல் இருந்தால் ஆள்தான் எண்டமாதிரித்தான் எனக்கு விளங்குது. பெட்டியைத் திறந்து பாருங்கோ. சாயல் இல்லையோ?"

சிமியோன் திறக்கவில்லை. மெல்ல இருந்தார். "முதலாம் அதிகாரம் சுருக்கம். ரெண்டாவது விவரம். முன்னுக்குத் திட்டம், பின்னுக்கு வேலை. சபைக்கு வந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"விவரம் சுருக்கத்தோடை ஒத்துவரவேணுமே. முன்னுக்கு மரம் செடி, பேந்து மிருகம், கடைசியாத்தான் மனிசன். பின்னுக்கு மனிசன் முதல், பேந்து மரம், பேந்து மிருகம், அதுக்கும் பேந்து அவன்ரை விலாவிலை பொம்பிளை. இது சுருக்கமும் விவரமும் இல்லைச் சம்மந்தி. ஒரே சிப்பத்துக்குள்ளை ரெண்டு தோட்டத்து இலை. மணந்து பாத்தே சொல்லுவன்."

"வேதத்தை மணந்து பாக்கிறியளோ?"

"எனக்கு வேறை என்ன தெரியும்?"

"உங்கடை பிரமா எத்தினை தரம் படைச்சவர்? தாமரையிலை ஒருக்கா, முட்டையிலை ஒருக்கா. அதையும் மணந்து பாத்தனீங்களோ?"

"எங்கடையிலை ஆயிரம் கதை. ஆனால் எந்தக் கதையையும் வைச்சு நாங்கள் ஒரு பிள்ளையை வேலியோரம் தள்ளேல்லை."

"பிள்ளையளைத் தள்ளேல்லை," என்றார் சிமியோன். சத்தம் போடவில்லை. "பெரியாக்களைத் தள்ளினியள். என்ரை ஆச்சியை எந்தக் கோயில் வாசலோடை நிப்பாட்டினவை எண்டு சொல்லட்டோ?"

பஞ்சலிங்கத்தார் சால்வை நுனியைத் திருகிக்கொண்டு இருந்தார். தோற்ற இடத்தில் நின்று கத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை. கடலில் ஏதோ ஒரு வள்ளத்தின் இயந்திரம் தொடங்கி, இருமி, நின்றது.

சிமியோன்தான் திரும்பவும் வாய் திறந்தார். இப்போது அவர் குரலில் போதகர் இல்லை.

"விசயம் வேறை சம்மந்தி. எங்கடை சபையிலை அற்புதராணி எண்டொரு பிள்ளை, மீன் விக்கிறவள். ஏழு வருசத்துக்கு முந்தி அவளுக்கும் இப்பிடி. ஒன்பது மாதம் சுமந்து, செத்துப் பிறந்தது. ஒரு சின்னச் சிலுவை வைக்க விடுங்கோ எண்டு என்ரை காலிலை விழுந்தவள். நான் ரெண்டாம் அதிகாரத்தை வாசிச்சுக் காட்டினனான். இந்தக் கையாலைதான் வேலியோரம் கிடங்கு வெட்டினனான். இப்ப என்ரை பேரனுக்கு மட்டும் சிலுவையோ? அவளின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

அப்போதுதான் பஞ்சலிங்கத்தாருக்கு எதிராளியின் உண்மையான விலை தெரிந்தது. இவ்வளவு நேரமும் வசனத்தோடு பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஆள் நின்ற இடம் வேறு.

"சம்மந்தி, நான் வியாபாரி. எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. சிப்பம் கட்டுறவன் ரெண்டு இலை ஒத்துவராட்டில் ஒண்டைக் கழிச்சுப்போடுவான். உந்தப் புத்தகத்தைக் கட்டினவை மடையரில்லை. முன்னுக்கொண்டு, பின்னுக்கொண்டு, ஒண்டோடை ஒண்டு முட்டுது எண்டு எனக்கே தெரிஞ்சால் அவைக்குத் தெரியாமல் இருக்குமோ? தெரிஞ்சும் ரெண்டையும் வைச்சுத்தான் கட்டியிருக்கினம். ஏன் ஒண்டைக் கழிக்கேல்லை?"

"ஏன்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? ரெண்டாவதிலை பிடிபடாத பிள்ளையளும் பிறக்கும் எண்டு அவைக்குத் தெரிஞ்சிருக்கும். அதுகளுக்கும் ஒரு இடம் வேணும் எண்டு முதலாவதை விட்டு வைச்சிருப்பினம்."

சிமியோன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அப்ப ஏழு வருசத்துக்கு முந்தி நான் செய்தது?"

வேறொரு நாளென்றால் பஞ்சலிங்கத்தார் சுற்றி வளைத்து, பூசி மெழுகி, இருபக்கத்துக்கும் நட்டமில்லாமல் ஒரு வழி சொல்லியிருப்பார். "பிழை," என்றார்.

"லேசாச் சொல்லிப்போட்டியள்."

"லேசில்லை."

"சரி. ஆனால் ஒண்டு. முதல் சிலுவை அற்புதராணியின்ரை பிள்ளைக்கு. அதுக்குப் பேந்துதான் எங்கடை."

"ஓம்," என்றார் பஞ்சலிங்கத்தார். ஒரு நிபந்தனையையும் வைக்காமல் அவர் ஓம் சொன்னது சம்பந்திக்கே புதினமாக இருந்தது.

நிருஷன் உடைந்த வள்ளப் பலகையில் இரண்டு சிலுவை அறுத்தான். பின்னேரம் நாலு மணிக்குச் சபை முழுதும் சவக்காலையில் கூடியது. கோபிகாவால் மணலில் நடக்க முடியாது. கதிரவேலுவின் ஓட்டோவை வாசலோடு நிறுத்தி, அதற்குள் அவளை இருத்திவிட்டு, கதிரவேலு கிடங்கு வெட்டப் போனான்.

சிமியோன் நாற்பது பேருக்கு முன்னால் நின்றார். பெரிய பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. "இவ்வளவு நாளும் நான் ஒரு அதிகாரத்தை மட்டும் வாசிச்சுப்போட்டன்," என்றார். அற்புதராணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு சிலுவையை அவள் கையில் கொடுத்தார்.

சந்தையிலிருந்து நேரே வந்திருந்தாள் அவள். சேலை நுனியில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அழுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அழவில்லை. சிலுவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேலியோரம் நடந்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனாள். திரும்பி வந்தாள். திரும்பவும் போனாள்.

"இங்கினை ஒரு பூவரசு நிண்டது," என்றாள்.

பூவரசு இல்லை. அவள் தேடிய வேலியும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் நில அளவைக்காரர் வந்து அளந்து, பழைய மட்டை வேலியைப் பிடுங்கி, கொங்கிறீட்டுத் தூணும் முள்ளுக்கம்பியுமாக வேலியை உள்ளே தள்ளிப் போட்டிருந்தார்கள். பழைய வேலியோரம் இப்போது கம்பிக்கு அந்தப் பக்கம். அகலமாக்கின தெரு அதன்மேல் போனது. தார் புதிது, கறுப்பாக, வழுவழுவென்று கிடந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் அதன்மேல் போனது.

சிமியோன் அதைக் கண்டார். ஏழு வருடத்தில் ஒரு தரமாவது அவர் அந்தப் பக்கம் பார்த்திருந்தால் முந்தியே கண்டிருப்பார்.

அற்புதராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு தாரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து பஞ்சலிங்கத்தாருக்கு முன்னால் நின்றாள். பேசினது அவர்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போல.

"ஐயா, உந்தப் புத்தகத்தை நீங்கள் ஏழு வருசத்துக்கு முந்தி வாசிச்சிருக்கலாமே."

சிலுவையைச் சிமியோனின் கையில் திரும்பக் கொடுத்தாள். "வைச்சிருங்கோ பாஸ்டர். இடம் தெரிஞ்சாச் சொல்லுறன்." மீன் கூடையை எடுத்துக்கொண்டு வாசலால் போய்விட்டாள்.

தேனுஜனை அடக்கம் பண்ணும்வரை சிமியோன் அந்தச் சிலுவையைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் அது, மறு கையில் வேதம். முதலாம் அதிகாரத்தைத்தான் வாசித்தார். வெளிச்சம் வந்த இடத்தில் குரல் உடைந்தது. தண்ணீர் பிரிந்த இடத்தில் நிருஷன் வாங்கி வாசித்தான். பெட்டியில் கறுப்பு மையால் பேரனின் பெயர் எழுதியிருந்தது. எழுத்து கொஞ்சம் சரிந்திருந்தாலும் பெயர் பெயர்தான். மகள் கேட்டதை வாங்கிக் கொடுத்தாயிற்று. அதைச் சொல்லப் பஞ்சலிங்கத்தார் ஓட்டோவுக்கு வந்தார்.

"வைச்சாச்சு பிள்ளை. பேரோடை."

கோபிகா முன்னுக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏறிப் பக்கத்தில் இருந்தார். கதிரவேலு தூரத்தில் குழாயடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டு நின்றான்.

"அப்பா, காலமை மாமா கேட்டவரல்லே, ஒரு மூச்சு எண்டு."

"ஓம்."

"திரைக்குப் பின்னாலை எழும்பி நிண்டனான். நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு."

பஞ்சலிங்கத்தார் சால்வையைத் தேடினார். அடக்கம் பண்ண முதல் பேரனுக்குப் போர்த்திவிட்டிருந்தார்; அது பெட்டிக்குள் போய்விட்டது.

"கோச்சி கூவிக்கொண்டு போன சத்தத்துக்குள்ளை அவன் அழுதவன்," என்றாள். "எனக்குக் கேட்டது."

"அப்ப நீ ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"படிவம் எழுதின மிஸ்ஸி என்னட்டையும் வந்து கேட்டவ. அப்பா என்ன சொன்னவர் எண்டு கேட்டன். விடேல்லை எண்டவர் எண்டா. நான் வேறை சொன்னால் உங்களைப் பிடிப்பினம் எண்டு நினைச்சன். நானும் விடேல்லை எண்டன்."

பதில் சொல்ல முதல் விலை விசாரித்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் பார்த்து வளர்ந்தது.

"எத்தினை அப்பா?"

ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. "மூண்டு."

"மூண்டோ?"

"மூண்டு. கடைசியது சின்னன்."

"எனக்கு ஒண்டுதான் கேட்டது." மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். "அந்த மூண்டுக்குள்ளை நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

கதிரவேலு மண்வெட்டியை உதறிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவன் வந்து சேர இன்னும் பத்துப் பதினைந்து அடி இருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க அது தாராளமான நேரம்.

"பாத்துக்கொண்டிருந்தனான் பிள்ளை," என்றார் பஞ்சலிங்கத்தார். "வேறை ஒண்டும் செய்யேல்லை. என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

கதிரவேலு ஏறி, "வெளிக்கிடுவமோ ஐயா?" என்று கேட்டான்.

"எடுங்கோ அண்ணை," என்றாள் கோபிகா. இருக்கையின் மறு ஓரத்துக்குத் தள்ளி, கம்பியோடு ஒட்டி இருந்துகொண்டாள். இருவருக்கும் நடுவில் பேரன் கிடந்த அளவு இடம் வெறுமையாகக் கிடந்தது. ஓட்டோ குலுங்கிக் குலுங்கித் தெருவில் ஏறி, புதுத் தாரில் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது.